கையேடு சொல்லாத சுவர்

சாரல் பருவம் தொடங்கிவிட்டால் தென்காசியிலுள்ள எங்கள் பங்கு இல்லத்தின் திண்ணை வெறுமையாக இருப்பதில்லை. குற்றாலத்தில் குளிக்க வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி எத்தனை மணிக்கு என்று கேட்டு வருவார்கள், ஈரத் தலையோடு பூசை காண்பார்கள், போய்விடுவார்கள். இவ்வாண்டு ஆனி மாதத்து மாலையொன்றில் வந்தவர் அப்படிப்பட்ட விருந்தினர் அல்லர். எங்கள் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் ஸ்பெயின் நாட்டில் பணிபுரிகிறான். அவனிடம் ஒரு மாதம் தங்கச் செல்கிறார். கோர்தோபா நகரத்துப் பேராலயத்தைப் பற்றி அவன் அனுப்பிய பக்கங்களை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"சாமி, இவ்வளவு தூரம் போறோம். எதைப் பார்க்கணும், எதை விட்டுடலாம்னு நீங்கதான் குறிச்சுக் குடுக்கணும்" என்றார்.

அப்போது என் மேசையில் இன்னொரு பயணத்தின் திட்டமும் கிடந்தது. எங்கள் பங்கு மக்கள் வடக்கன்குளம், காற்றாடிமலை, கோட்டாறு ஆகிய மூன்று இடங்களுக்கும் திருப்பயணம் செல்ல முடிவு செய்திருந்தார்கள். பேருந்தில் கொடுப்பதற்கு நான்கு பக்கக் கையேடு ஒன்று எழுதித் தரும்படி இளைஞர்கள் கேட்டிருந்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு ஆலயங்களுக்கு வழிகாட்ட வேண்டிய நிலை. ஒன்று கடல் கடந்து இருப்பது. நான் கண்ணால் கண்டதில்லை. மற்றொன்று சில மணி நேரப் பயணத்தில் இருப்பது, பலமுறை கண்டிருக்கிறேன். எனினும், எதைப் பற்றி எழுதுவது கடினமாக இருந்தது என்று கேட்டால், அருகிலிருப்பதைப் பற்றி எழுதுவதுதான்.

நம் திருத்தலக் கையேடுகளைப் பற்றி இந்த இதழில் யாரும் திறனாய்வு செய்ததாக எனக்கு நினைவில்லை. நம் மக்கள் நாவல்களைவிட, கவிதைகளைவிட அதிகமாகப் படிப்பது இவற்றைத்தான். எல்லாவற்றிற்கும் ஒரே அமைப்பு. முதற்பக்கத்தில் ஆலயத்தின் படம். அடுத்து, யார் எப்போது கட்டினார். பின்பு ஒரு புதுமை. அதன்பின் நீளம், அகலம், உயரம். கடைசியில் திருப்பலி நேரங்களும் நன்கொடை அனுப்ப வேண்டிய முகவரியும். ஆலயம் வானத்திலிருந்து இறங்கி வந்தது போலவும், அதைச் சுற்றி வாழ்ந்த மனிதர்கள் ஒருவரோடொருவர் ஒரு நாளும் சண்டையிடாதது போலவும் எழுதப்பட்டிருக்கும். அவற்றை ஏந்திச் செல்லும் நாமும் அதற்கேற்றவர்கள்தாம். குற்றாலத்திற்கு வருவோர் அரை நாளுக்குள் பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி, புலியருவி என்று எல்லாவற்றிலும் தலையை நனைத்துவிட்டு ஊர் திரும்புவதில்லையா? அப்படித்தான் நாமும் ஒரே நாளில் ஒன்பது திருத்தலங்களில் தலை நனைத்துக்கொண்டு வருகிறோம். தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்று கேட்பதற்கு நேரமில்லை.

ஆசிரியை கொண்டுவந்த பக்கங்களை இரவில் படித்தேன். கோர்தோபா ஆலயத்தின் வரலாறு எளிமையானதன்று. 785ஆம் ஆண்டையொட்டி, முதலாம் அப்துர் ரஹ்மான் அங்கே ஒரு பள்ளிவாசலை எழுப்பத் தொடங்கினார். அவருக்குப் பின்வந்தவர்கள் இருநூறு ஆண்டுக் காலம் அதை விரிவுபடுத்தினார்கள். எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள். அவற்றின் மேல் செம்மையும் வெண்மையும் மாறி மாறி வரும் இரட்டை வளைவுகள். 1236இல் மூன்றாம் பெர்டினாந்து அரசர் நகரைக் கைப்பற்றியபோது அக்கட்டடம் பேராலயமாயிற்று. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பெரிய மாற்றங்களின்றி அப்படியே வழிபாடு நடந்தது. பின்னர் 1523இல் அந்தத் தூண்களின் நடுவே, கூரையைப் பிளந்துகொண்டு உயர்ந்து நிற்கும் புதிய மையக் கூடம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். நகர மன்றத்தார் எதிர்த்தார்கள். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அனுமதி அளித்தார். பிற்பாடு நேரில் வந்து பார்த்தபோது, எங்கும் காணக்கூடிய ஒன்றைக் கட்டுவதற்காக எங்கும் காண முடியாத ஒன்றை அழித்துவிட்டீர்கள் என்னும் பொருள்பட அவரே வருந்தினார் என்று ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது.

படங்களை மட்டும் பார்த்து ஒரு கட்டடத்தை மதிப்பிடுவது சரியன்று. ஆயினும் என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். அந்த மையக் கூடம் அழகற்றதன்று; வேறொரு நகரத்தில் தனித்து நின்றிருந்தால் நாமே வியந்திருப்போம். அது நிற்கும் இடந்தான் உறுத்துகிறது. சுற்றிலும் தாழ்ந்த குரலில் செபிக்கும் தூண்களுக்கு நடுவே அது உரத்த குரலில் பேசுகிறது. என்றாலும் அங்கே ஒரு நன்மையும் நிகழ்ந்திருக்கிறது. கட்டியவர்கள் பழையதை முழுவதும் இடித்துவிடவில்லை. பழைய தொழுகைக் கோபுரத்தைக்கூட உள்ளே வைத்துத்தான் மணிக்கோபுரத்தை எழுப்பியிருக்கிறார்கள். எனவே இன்று அங்கே நுழைகிறவர் எந்தக் கையேட்டின் துணையுமின்றி இரண்டு சமயங்களின் கதையையும் கண்ணால் படித்துவிட முடியும்.

கையேடு என்ன செய்தது என்பதில்தான் எனக்கு அக்கறை. சில ஆண்டுகள் அப்பேராலயத்தின் நுழைவுச்சீட்டுகளிலும் வழிகாட்டித் தாள்களிலும் 'பேராலயம்' என்ற பெயரே முன்னிறுத்தப்பட்டது; 'பள்ளிவாசல்' என்ற சொல் மங்கி மறைந்தது. நகரத்தார் பலர் இதை எதிர்த்து எழுதினார்கள். வழக்குமன்றம் வரை பேச்சு எழுந்தது. 2016இல் அந்தச் சொல் மீண்டும் தாள்களில் இடம்பெற்றது. எண்ணூறு தூண்கள் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்றை ஒரு காகிதம் மறைக்கப் பார்த்தது என்பதை நினைத்துச் சிரித்தேன். சிரித்த மறுகணமே சிரிப்பு நின்றுவிட்டது. அதே வேலையை நானும் செய்திருக்கிறேன்.

வடக்கன்குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்த நீலகண்டன், டச்சுப் படைத் தலைவர் டிலனாயின் வழியாக நம் மறையை அறிந்து, 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது இவ்வூரில்தான். எல்லைக்கு இப்பால் இருந்த இந்தச் சிற்றூரில், இயேசு சபைத் தந்தை புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். அதன்பின் அவர் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார். அனைவரும் சமம் என்று பேசினார். சிறைப்பட்டு, ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012 திசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15ஆம் நாள் உரோமையில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். புனிதர் பட்டத்திற்கு முன்பு, 2020இல், அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்னும் சாதிப் பின்னொட்டை உரோமை நீக்கியது. இவையெல்லாம் இன்று நம் கையேடுகளில் உண்டு.

அவற்றில் இல்லாதது வேறொன்று. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற 127 ஆண்டுகளுக்குப் பிறகு, 1872இல், அதே ஊரில் திருக்குடும்பத்தின் பெயரால் ஒரு புதிய ஆலயம் உருவாயிற்று. அதற்கு ஒரு பீடம், கூடங்களோ இரண்டு. கால்சட்டையின் இரு கால்களைப் போல அவை பிரிந்து செல்கின்றன. பீடத்தருகே மட்டும் ஒன்று சேர்கின்றன. ஒரு கூடம் வேளாளருக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும்; மற்றது நாடாருக்கு. இடையே சுவர்.

இந்த அமைப்பைச் சற்று நின்று படிக்க வேண்டுகிறேன். ஒரு கூடத்தில் இருப்பவருக்குப் பீடம் தெரியும். மறு கூடத்தில் இருப்பவர் தெரியார். இரு கூட்டத்தாரும் ஒரே அப்பத்தில் பங்கு கொள்வர். ஒருவர் முகத்தை ஒருவர் காணார். அக்காலத் திருப்பலியில் குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தை நோக்கி நிற்பார். ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்று வாழ்த்துவதற்காக அவ்வப்போது திரும்புவார். அப்படித் திரும்பிய நேரங்களில் இரண்டு கூடங்களையும் ஒருசேரக் கண்ட மனிதர் அந்த ஆலயத்தில் ஒருவரே: குரு. பிளவுபட்ட சபை முழுவதும் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. அவர் வாழ்த்திவிட்டு மீண்டும் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கட்டடத்தில் என் மனத்தை மிகவும் குத்துவது சுவரன்று; இந்தத் திரும்புதல்தான்.

குருமடத்தில் புனித பவுல் எபேசியருக்கு எழுதிய மடலைக் கற்றபோது, பகைமையாகிய சுவர் தகர்க்கப்பட்டது என்று அவர் கூறும் பகுதிக்கு விளக்கமாக எங்கள் பேராசிரியர் எருசலேம் கோவிலின் தடுப்புச் சுவரைப் பற்றிச் சொன்னார். பிற இனத்தார் இதைத் தாண்டினால் சாவுதான் என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு அச்சுவரில் பதிக்கப்பட்டிருந்தது. அக்கல்வெட்டைப் பிரெஞ்சு ஆய்வாளர் கிளெர்மோன் கனோ 1871இல் கண்டெடுத்தார். அன்று நான் ஆண்டைக் குறித்துக்கொண்டதோடு சரி. பல ஆண்டுகள் கழித்தே அந்த எண் என்னை உலுக்கியது. எருசலேமில் ஒரு சுவரின் கல் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்த மறு ஆண்டில், வடக்கன்குளத்தில் இன்னொரு சுவர் மண்ணுக்கு மேலே எழுந்திருக்கிறது.

அதைத் தகர்த்தவரும் ஒரு குருதான் என்பதை மறைக்கக் கூடாது. பாளையங்கோட்டையில் திருஇருதய சகோதரர் சபையை நிறுவிய இயேசு சபைத் தந்தை கௌசானல், 1910இல் அந்தச் சுவரை அகற்றினார். பிரிவினையைத் தங்கள் உரிமையாகக் கருதியவர்கள், திருச்சிராப்பள்ளி ஆயராக இருந்த பார்த் ஆண்டகையையும் எதிர்வழக்காடியாக்கி நீதிமன்றம் சென்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கில் அவர்கள் தோற்றார்கள். ஆலயத்தில் சாதித் தீட்டுக்கு இடமில்லை என்பதை நாம் நம் மறையுரையில் சொல்லி நிலைநாட்டினோமா, நீதிமன்றம் சொல்லித்தான் நிலைபெற்றதா என்னும் கேள்விக்கு எனக்கு உவப்பான விடை கிடைக்கவில்லை. பின்னாளில் இந்த வரலாற்றை ஆவணங்களோடு ஆராய்ந்து 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலாகத் தந்தவரும் நம் குருக்களில் ஒருவர் அல்லர். தூத்துக்குடியைச் சேர்ந்த நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன். நம் பங்கு நூலகங்களில் இருக்க வேண்டிய நூல். எத்தனை பங்குகளில் நூலகமே இருக்கிறது என்பது வேறு கவலை.

இப்போது என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2012இல், முத்திப்பேறு விழாவிற்காக, அப்போது நான் பணியாற்றிய பங்கிலிருந்து இரண்டு பேருந்துகளில் நாகர்கோவில் சென்றோம். வழியில் வடக்கன்குளத்தில் இறங்கினோம். அதற்கான கையேட்டை நான்தான் எழுதியிருந்தேன். திருமுழுக்கு, சிறை, சாட்டையடி, காற்றாடிமலை எல்லாம் இருந்தன. ஆலயத்தைப் பற்றி இரண்டு வரி: பழமையானது, எழில்மிக்கது. சுவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறந்துபோய் விட்டதன்று. எழுதி, அடித்து, விட்டது.

பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கையேட்டையும் ஆலயத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "சாமி, இந்தக் கோயிலுக்கு ஏன் ரெண்டு உடம்பு?" என்று கேட்டாள்.

"அந்தக் காலத்துல கூட்டம் அதிகம்மா. அதனால ரெண்டு கூடமா கட்டினாங்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். பக்கத்தில் நின்ற அவளுடைய தாத்தாவுக்கு விவரம் தெரியும். தம் ஊர்க் கோயிலில் எந்த மூலையில் தம் பெற்றோர் முழந்தாளிட்டார்கள் என்பதை மறக்காத தலைமுறை அது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் என்னோடு பேசவுமில்லை.

இம்முறை எழுதும் கையேட்டில் சுவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன் என்று பங்குப் பேரவையில் சொன்னபோது எதிர்ப்பு வந்தது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. "ஆறிப்போன புண்ணை ஏன் சாமி கிளறணும்? நாம செபிக்கப் போறோமா, சண்டை பார்க்கப் போறோமா?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். இன்னொருவர் சொன்னது இன்னும் ஆழமானது: "அந்த ஊர்க்காரங்க என்ன பாவம் செஞ்சாங்க? நாம பேருந்துல போய் இறங்கி, இதுதான் சுவர் இருந்த இடம்னு கை நீட்டிக் காட்டினா, அவங்களுக்கு எப்படி இருக்கும்?"

இரண்டாவது கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன். இன்று அவ்வூரில் வாழ்பவர் எவரும் அந்தச் சுவரைக் கட்டியவர் அல்லர். அவர்களைக் காட்சிப் பொருளாக்கும் கையேடு, மறைக்கும் கையேட்டைவிட மோசமானது. ஆகவே அப்பக்கத்தில் 'அவர்கள்' என்ற சொல் வராமல் 'நாம்' என்றே எழுதியிருக்கிறேன். அது வெறும் பணிவுச் சொல்லன்று. அந்த வரைபடத்தை ஒப்புக்கொண்டவர்கள் குருக்கள். நான் அந்த வரிசையில் நிற்பவன். சாதி வழக்கங்களோடு எவ்வளவு தூரம் இணங்கிப் போகலாம் என்று நம் மறைபரப்புத் தலைவர்கள் இராபர்ட் தே நொபிலியின் காலத்திலிருந்தே வாதாடி வந்திருக்கிறார்கள். தேவசகாயம் திருமுழுக்குப் பெறுவதற்கு முந்தைய ஆண்டுதான், 1744இல், திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அவ்வழக்கங்களைப் பற்றித் தம் இறுதி ஆணையை வெளியிட்டார். ஆணை வந்தது; வழக்கம் போகவில்லை.

முதல் கேள்விக்கு மட்டும் நான் உடன்படவில்லை. புண் ஆறிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டபோது மூண்ட கலவரத்தையும், துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்ததையும் நாம் செய்தித்தாளில் படித்தோம். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான தன் கொள்கை அறிக்கையில், சாதிப் பாகுபாட்டைக் கடும் சமூகப் பாவம் என்று எழுத வேண்டியிருந்தது. ஆறிய புண்ணுக்கு யாரும் அறிக்கை எழுதுவதில்லை. நம் கல்லறைத் தோட்டங்களைச் சுற்றி வந்தாலே போதும். நான் எதைச் சொல்கிறேன் என்பது வாசகருக்கு விளங்கும்.

பேரவை முடிந்து நடக்கப் புறப்பட்டேன். சாரல் விட்டிருந்தது. காசி விசுவநாதர் கோவிலின் ஒன்பது நிலைக் கோபுரம் நனைந்து நின்றது. என் சிறுவயதில் அந்தக் கோபுரம் அங்கே இல்லை. பிளவுண்டு சிதைந்த மொட்டைக் கோபுரந்தான் இருந்தது. இடி விழுந்து பிளந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1990இல்தான் புதிய கோபுரத்திற்குக் குடமுழுக்கு நடந்தது. கோவிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன் அங்கே பொறித்து வைத்த ஒரு கல்வெட்டுப் பாடல் இவ்வூரில் பலருக்கும் தெரியும். வரக்கூடாத குறை ஏதேனும் இக்கோவிலுக்கு வந்துவிட்டால், அன்று வந்து அதைப் போக்கிக் காப்பவர் யாராயினும் அவரை இப்போதே பணிகிறேன் என்பது அதன் கருத்து. கட்டி முடித்த பெருமையில் நிற்கும் ஓர் அரசன், தன் கட்டடத்திற்குக் குறை வரும் என்பதைக் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறான். அவன் அஞ்சியது கல்லுக்கும் சுதைக்கும் வரும் குறையாக இருக்கலாம். எனினும், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1910தான் நினைவுக்கு வருகிறது. நான் படித்த திருத்தல நூல்களில் இத்தகைய வரி ஒன்றைக் கண்டதில்லை.

மறுநாள் காலை ஆசிரியை வந்தார். கோர்தோபாவுக்கு நான் குறித்துக் கொடுத்தது அரைப் பக்கந்தான். நுழைந்தவுடன் மையக் கூடத்திற்கு ஓடாதீர்கள். முதலில் தூண்களுக்கிடையே ஒரு மணி நேரம் மெல்ல நடந்துவிட்டு அதன்பின் நடுவே செல்லுங்கள். கையில் கொடுக்கும் தாளில் அந்த இடத்திற்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தாளை எனக்கும் கொண்டுவாருங்கள். அவ்வளவே. மேசையில் கிடந்த வடக்கன்குளம் கையேட்டின் மூன்றாம் பக்கத்தை அவர் எடுத்து நின்றபடியே படித்தார். நெடுநேரம் பேசவில்லை.

"டீச்சர், வாக்கியப் பிழை ஏதும் இருக்கா?" என்று கேட்டேன்.

"பிழை இல்ல சாமி. 'கூடங்கள் இரண்டாகக் கட்டப்பட்டன'ன்னு எழுதியிருக்கீங்களே, யார் கட்டினதுன்னு அதுல வரலையே" என்றார். பேனாவை எடுத்து, 'நாம் இரண்டாகக் கட்டினோம்' என்று திருத்திக் கொடுத்தார். அப்படியே அச்சுக்குப் போயிருக்கிறது. ஆவணி இரண்டாம் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பேருந்து ஆலய வாசலிலிருந்து புறப்படும். ஸ்பெயின் பயணத்திற்கு முன் இதிலும் வந்துவிடுவதாகத் தமக்கும் கணவருக்கும் அவர் பெயர் கொடுத்திருக்கிறார். 2012இல் என்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பெண் இப்போது மணமாகிச் சிவகாசியில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளுக்கும் ஒரு படி அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்.